சொல்லக் கூடாத கனவு

ஜனவரி இரண்டாம் தேதி காலை. புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல வந்த பக்கத்து வீட்டு மசுகோவிடம், ஷிசுயே சிரித்த முகத்தோடு சொன்னாள்:

"வருஷத்தோட முதல் கனவு ராத்திரி வந்துச்சு. ஃபுஜி மலை பளிச்சுனு தெரியுது. அந்தப் பக்கத்துலேருந்து எம்புள்ள நொபோரு, பையைத் தூக்கிக்கிட்டு நேரா வீட்டுக்கு வர்றான்!"

மசுகோ பதறிவிட்டாள். "ஐயோ அக்கா! ஃபுஜி மலையைவிட நல்ல கனவு உண்டா? நல்ல கனவை வெளியில சொன்னா பலிக்காதே, தெரியாதா?"

"தெரியும். வாய் சும்மா இருக்க மாட்டேங்குதே."

"ஒசாகாவுல வேலைன்னு போன புள்ள, மூணு வருஷமா எட்டிப் பார்க்கலையே. அந்த ஏக்கம்தான். இனிமே யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

ஆனால் ஷிசுயே மீன்கடையில் சொன்னாள். கோயில் வரிசையில் முன்னால் நின்றவர்களிடமும் பின்னால் நின்றவர்களிடமும் சொன்னாள்.

வீடு திரும்பியதும் கணவர் கின்சோ கேட்டார். "எல்லார்கிட்டயும் சொல்லிட்டியா?"

"தெரிஞ்சவங்க ஒருத்தரையும் விடலைங்க."

"நானும் நாலு பேர்கிட்ட சொல்லிட்டு வர்றேன். மார்ச்சுல அவனை ஜெயில்லேருந்து விடுறாங்க. கனவு பலிச்சிடக் கூடாது."

கைத்தடியை ஊன்றி எழுந்தார். வழுக்கி விழுந்ததாக ஊருக்குச் சொன்ன கால். குடிபோதையில் மகன் அடித்து உடைத்தது.

செருப்பை எடுத்துக் கொடுக்கக் குனிந்த ஷிசுயே நிமிரவில்லை.

"ஒண்ணு மட்டும் யார்கிட்டயும் சொல்லலைங்க."

"என்ன?"

"கனவுல அவனைப் பார்த்ததும், ஓடிப்போய்க் கதவைத் திறந்துட்டேன்."