நான்கு நிமிடம் பத்து நொடி

என் கணவர் கட்டிலோரத்துச் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, கைப்பேசியில் நொடிகளை எண்ணத் தொடங்கினார்.

இவருடைய அம்மாவுக்காக, என் அத்தைக்காக, நாங்கள் பார்க்க வந்திருக்கும் நான்காவது முதியோர் பராமரிப்பு இல்லம் இது.

முதல் இல்லத்தில் குளியலறைக் கைப்பிடி ஆடியது. இரண்டாவதில் மூத்திர வாடை. மூன்றாவதில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் படுக்கையில் கிடந்த ஒருவரின் கால் நகங்கள் வெட்டப்படாததை இவர் கண்டுபிடித்துவிட்டார்.

என்னைக் கட்டிக்கொள்வதற்கு முன்புகூட இவர் இத்தனை கேள்வி கேட்டதில்லை.

வீடு திரும்பியதும் ஒவ்வொரு முறையும் தன் அக்காவுக்குப் போன் போட்டுக் குறைகளை ஒன்றுவிடாமல் சொல்வார். இப்படி ஒரு பிள்ளை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அக்கா மறுமுனையில் அழுவார்.

"நாளைக்கு ஒருத்தரும் நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசக் கூடாது பாரு" என்று போனை வைத்துவிட்டு இவர் என்னிடம் சொல்வார்.

அத்தை சக்கர நாற்காலியில் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தொடை எலும்பு முறிந்து ஏழு மாதம் ஆகிறது. கழுத்தில் கயிற்றில் கோத்த வெள்ளைப் பொத்தான். விழுந்த வாரமே இவர் வாங்கி மாட்டிவிட்டது. அத்தை அறைக்குள்ளிருந்து அதை அழுத்தினால், எங்கள் கூடத்தில் இருக்கும் பெட்டியில் மணி அடிக்கும்.

ஒரு நிமிடம் ஆயிற்று. இவர் சன்னல் விளிம்பை விரலால் தேய்த்துப் பார்த்தார். தூசி இல்லை.

இரண்டு நிமிடம். மெத்தையை அமுக்கிப் பார்த்தார்.

அத்தையின் கண் கதவை விட்டு நகரவே இல்லை.

நர்ஸ் ஓடி வந்தபோது நான்கு நிமிடம் பத்து நொடி. முழங்கை வரை சோப்பு நுரை. பக்கத்து அறையில் ஒருவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாளாம். பாதியில் விட்டால் வழுக்கி விழுந்துவிடுவார் என்று, துணைக்கு ஆள் நிறுத்திவிட்டு வந்தாளாம்.

"என்னம்மா வேணும்?" என்று குனிந்து அத்தையிடம்தான் கேட்டாள்.

அத்தை வாயைத் திறப்பதற்குள் இவர் கைப்பேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நாலு நிமிஷத்துல ஒரு உசிரே போயிடும் சிஸ்டர். எங்க வீட்ல அம்மா இந்தப் பட்டனைத் தொட்டா போதும், அடுத்த நிமிஷம் ஆள் நிக்கும். தெரியுமா?"

நான் என் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுவும் சரிப்படாது. வீட்டுக்குப் போலாம்" என்று நாற்காலியின் பிரேக்கைத் தளர்த்தித் தள்ளினார்.

நாற்காலி நகரவில்லை. அத்தை கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"அந்தப் பொண்ணு வந்துச்சுல்லப்பா" என்றார். "நான் இங்கயே இருந்துக்கறேன்."

இவர் முகம் சுண்டிப்போயிற்று.

அத்தை கழுத்துக் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றி, என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். அழுத்தி அழுத்திப் பொத்தானின் நடுப்பகுதி பழுப்பேறிக் குழிந்திருந்தது.

"இது கெட்டுப்போய் ரொம்ப நாளாச்சும்மா. வேலை வேலைன்னு ஓடுற பிள்ளைங்க, இதுக்கு வேற அலையணுமான்னு சொல்லல."

பொத்தான் கெட்டுப்போகவில்லை. கூடத்துப் பெட்டியில்தான் நான்கு மாதமாக பேட்டரி இல்லை.

கழற்றியது இவர். டிவி ரிமோட்டில் போட்டது நான்.