யூவனின் உயரம்

கிளாஸ்கோ மழை கராஜ் தகரத்தில் விடாமல் கொட்டுகிறது. பழைய எஃகு மலைச் சைக்கிளின் சட்டத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீட் கம்பியை மேசையோர இரும்புப் பிடியான வைஸில் இறுக்கி, சட்டத்தையே இரு கைகளாலும் திருகுகிறான் டங்கன். கிரீஸ் தடவாமல் செருகிய அலுமினியக் கம்பி, அண்ணன் யூவனின் நெட்டைக்கால் உயரத்திலேயே பல வருடமாக இறுகிக் கிடக்கிறது. மேசையில் புதுச் சங்கிலி பளபளக்கிறது. வாசலில், சக்கர நாற்காலியில், யூவன் டீ குடிக்கிறான். "காலைல சாப்பிடலையா குள்ளா? அழுத்தித் திருகுடா." "வாய மூடு. உன்ன மாதிரியே வீம்பு புடிச்ச கம்பி." டங்கன் முழுப் பலத்தையும் போட, கம்பி வீலென்று அலறிக்கொண்டு ஒரு நூல் நகர்கிறது. அவன் கை தானாகவே நின்றுவிடுகிறது. "ஏன்டா நிறுத்திட்ட? இறக்கு. இனிமே உன் கால்தான பெடல எட்டணும்," என்கிறான் யூவன், ஆவி பறக்கும் கோப்பையை அரைக்கால் சட்டைக்குக் கீழே தெரியும் வெறுந்தொடையில் வைத்தபடி. கோப்பை பட்ட இடம் சிவக்கிறது. அவன் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. டங்கன் சட்டத்தை விட்டுவிட்டு ஓடிப்போய்க் கோப்பையை எடுக்கிறான்.