இரண்டு முப்பத்தொன்றுக்குப் போன மெயில்

ஆறு மெயில் போட்டும் மச்சானுக்குச் சூடு சொரணை வரவில்லை என்றால், கோளாறு மச்சானிடம் இல்லை, கம்ப்யூட்டரில்தான் என்று பாய்லர்காரர் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை முடிவுக்கு வந்தார்.

பின்னே? என் வாசலை மிதிக்காதே என்று ஆறு வெள்ளிக்கிழமை எழுதியாயிற்று. அந்த மனுஷன் போன ஐந்து ஞாயிறும் பல்லெல்லாம் தெரிய வந்து, சோபாவில் சாய்ந்து, காபி குடித்துவிட்டுப் போனான்; இன்றைக்கும் வருகிறானாம்.

மனைவியின் ஒரே தம்பி. அத்தான் ஃபேக்டரியில் முப்பத்தோரு வருஷம் புகையை மேய்த்தார் என்று நாலு பேருக்கு நடுவில் சொல்லிச் சிரித்தவன். அவனோடு இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பாய்லர்காரருக்குக் கோபம் வந்தால் தெருமுனை நாய்கள் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குக் குடிபோகும். மெயில் அடிப்பது இரண்டே விரலால், ஆணி அடிப்பது போல. கீபோர்டில் மூன்று எழுத்துகள் ஏற்கெனவே உயிரை விட்டிருந்தன. கடைசியில் ‘அனுப்பு’ பொத்தானை அறைந்து, மானிட்டரை அணைத்துவிட்டு எழுந்துவிடுவார். போனதா என்று நின்று பார்ப்பது அவர் கௌரவத்துக்குக் குறைச்சல்.

மெயில் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்த கடைக்காரர் ஒன்று சொல்லியிருந்தார். அது எதைச் செய்தாலும் மணி, நிமிஷத்தோடு ஒரு லாக் ஃபைலில் எழுதி வைக்குமாம்.

லாக் என்றால் என்ன என்று அவருக்குப் பாடம் எடுக்க வேண்டுமா? மணிக்கு மணி பாய்லரின் சூட்டையும் அழுத்தத்தையும் லாக் புத்தகத்தில் எழுதிய கை. பிரின்ட் எடுத்து, ஸ்கேலும் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்தார்.

வெள்ளி, 11.08: மச்சானுக்கு மெயில் அனுப்ப முயற்சி. 11.08: இணைப்பு இல்லை, மெயில் அவுட்பாக்ஸில் நிற்கிறது.

முந்தைய வெள்ளியும் அதே கதை. அதற்கு முந்தையதும்.

பென்ஷன் ஆபீஸுக்கு எழுதியது போயிருந்தது. பேத்திக்குப் பிறந்தநாள் வாழ்த்து போயிருந்தது. மச்சானைத் திட்டும்போது மட்டும் இணைப்பு மண்டையைப் போட்டிருந்தது.

மோடம் இருப்பது சமையலறை அலமாரியில், மிக்ஸிக்குப் பக்கத்தில். ஆணி அடிக்கும் சத்தம் அங்கே நன்றாகவே கேட்கும்.

காது மடல் சூடாக, ஸ்கேலைக் கீழே நகர்த்தினார்.

2.20: அவுட்பாக்ஸில் இருந்த மெயில் அழிக்கப்பட்டது. 2.22: இணைப்பு வந்தது. 2.31: மச்சானுக்கு மெயில் போய்ச் சேர்ந்தது. 2.32: அதன் நகல் அழிக்கப்பட்டது.

மதியம் இரண்டரை மணிக்கு அவர் விடும் குறட்டையில் ஜன்னல் கம்பி அதிர்ந்துகொண்டிருக்கும். வீட்டில் இருப்பதோ இரண்டே பேர்.

ஆறு வெள்ளி, ஆறு மெயில், அவர் பெயரில். அவர் அடித்தது ஒவ்வொன்றும் நாற்பது வரி. லாக்கில் உள்ள அளவைப் பார்த்தால் 2.31-க்குப் போனது இரண்டு வரி தேறினால் அதிகம்.

எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் போய்ச் சுவரை இடித்தது.

“என் பேர்ல அவனுக்கு என்னடி எழுதின?”

மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. “வந்துட்டே இருக்கான். அவனையே கேளுங்க.”

கேட்க வேண்டியிருக்கவில்லை. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் மச்சான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். “இதை எழுத உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும், அத்தான். அதுவும் ஆறு தடவை.”

நீட்டிய போனில் பாய்லர்காரர் படித்தார்.

கோபத்தில் கத்திவிடுகிறேன்.
மனசில் வைத்துக்கொள்ளாதே.

கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து ஒரு தடவைகூட வராத வார்த்தைகள். அவருக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. கத்துவதற்கு மூச்சை இழுத்தார்.

மனைவி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, போனைத் தன் கையில் வாங்கினாள்.

அவளே அடித்த இரண்டு வரிதான். உதடு அசைய, மெதுவாக, தனக்கு வந்த மெயில் மாதிரி படித்தாள்.

முடித்ததும், மறுபடி முதல் வரிக்குப் போனாள்.