சிவப்பு அம்பு

"ஏனுங்க, அந்தச் செவுத்துல கைய வெக்காதீங்க!"

சித்ரகலா ஓடி வந்து வாளியைப் பிடித்துக்கொண்டாள். அருண்பாண்டியின் கையில் நனைத்துப் பிழிந்த பனியன் வேஸ்ட் துணி. எதிரே பூசாத சிமெண்ட் சுவர். அதில் போன வாரம் அவன் சாக்பீஸில் எழுதிய கவிதை.

'குழாயில் தண்ணீர் வந்துவிட்டால்
நம்ம தெருவுக்கு ஒரே பாஷைதான்:
குடங்கள் இடிபடும் சத்தம்.
யாருக்கு எந்த ஊர் என்று
தண்ணீர் கேட்பதில்லை.'

"விடுங்க. ஞாயித்துக்கிழமைன்னா அழிக்கிறதுதானே?"

"அழிச்சாப் புதுசு எழுதோணும். சாக்பீஸ் எங்கீங்க?"

"எடுத்துட்டு வரல. இனிமே எழுதறதா இல்ல."

அருண்பாண்டி உசிலம்பட்டிக்காரன். திருப்பூரில் ஓவர்லாக் டெய்லர். இந்த லைன் வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து வாரம் ஒரு கவிதை. கம்பெனி வேனுக்கு நிற்கிறவர்கள் படித்துச் சிரிப்பார்கள், சில நாள் சும்மா நிற்பார்கள். சித்ரகலா இந்தத் தெருவிலேயே பிறந்தவள். அதே கம்பெனியில் செக்கிங். அவன் தைத்த பீஸில் ஓட்டையோ கறையோ இருந்தால் அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புகிறவள்.

குழாயடியில் கூட்டம். வரிசையில் நின்ற பக்கத்து ரூம் ஒச்சாயி குரல் கொடுத்தாள்.

"என்னடா அருணு, கவிதைய அழிக்கிறியா, இல்ல அந்தப் புள்ளைகிட்டப் பேச வாளிய தூக்கிட்டு வந்தியா?"

பெண்கள் சிரித்தார்கள். கடைசி ரூமில் இருக்கும் ஒடிசாப் பெண் சஸ்மிதாவும் எதற்கென்று புரியாமல் சிரித்து வைத்தாள்.

அருண்பாண்டி சிரிக்கவில்லை. சுவரைக் காட்டினான். 'நம்ம' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.

"மொதல்ல வரிக்கு வரி ஒட்டுனாங்க. சரி, நம்ம எழுத்துல அவ்வளவு டேமேஜ் போலன்னு அடிச்சு அடிச்சுத் திருத்துனேன். வாரா வாரம் கொறஞ்சுச்சு. சந்தோசமாத்தான் இருந்துச்சு. இந்த வாரம் ஒண்ணே ஒண்ணு. எதுலன்னு பாத்தீங்களா?"

"நம்ம..."

"அதான். 'நம்ம தெரு'ன்னு சொல்ல நீ யாருடா, பொழைக்க வந்த பயலேன்னு அர்த்தம்."

"யாருங்க அப்படிச் சொன்னது?"

அவன் அவள் விரல்களைப் பார்த்தான். கட்டைவிரல் நகத்தில் நேற்றைய ஸ்டிக்கர் ஒன்று மிச்சம் இருந்தது.

சித்ரகலாவின் முகம் சிவந்தது. "ஓஹோ! உங்க பீஸைத் திருப்பி அனுப்பறது என்ற வேலைங்க. உங்களைய ஊருக்குத் திருப்பி அனுப்ப நான் எதுக்குங்க அம்பு ஒட்டறேன்?"

"அப்ப உங்களுக்குப் பிடிக்காம..."

"பிடிக்காமத்தான் வேன் வர்றதுக்குள்ள மனப்பாடம் பண்றனாக்கும்!"

அவன் கையிலிருந்த துணியைத் தாழ்த்தினான். ஆனாலும் அந்த அம்பு கண்ணில் குத்திக்கொண்டே இருந்தது.

"நீங்க இல்லேன்னா இந்தத் தெருவுல வேற யாரோ. யாரா இருந்தா என்ன? நெனப்பு அதுதானே." துணியை ஓங்கி முதல் வரியில் இழுத்தான். 'தண்ணீர்' என்ற சொல் அழிந்து போயிற்று.

"அண்ணா! நில்லுங்க!"

குடம் ஒன்று உருண்டது. ஓடி வந்தவள் சஸ்மிதா. குழாயடியில் யாரிடமும் ஒரு முழு வாக்கியம் பேசியிராதவள். வந்த வேகத்தில் அம்பின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தாள்.

"அழிக்காதீங்க அண்ணா. இது ஒண்ணு பாக்கி."

அருண்பாண்டி துணியைக் கீழே போட்டான். "நீயா ஒட்டுன? தமிழே தெரியாத நீயா என் கவிதைல தப்புக் கண்டுபிடிக்கிற?"

"தப்பு இல்லை, அண்ணா!" அவள் பயந்துபோய் சித்ரகலாவைக் காட்டினாள். "கம்பெனியில அக்கா சொன்னாங்க. தெரியாத இடத்துல அம்பு ஒட்டு. அப்புறம் கேளு."

சித்ரகலா நாக்கைக் கடித்துக்கொண்டாள். சஸ்மிதாவைப் போல செக்கிங்குக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவள் சொல்லித் தரும் முதல் பாடம் அதுதான்.

"இந்தச் செவுருதான் எனக்குத் தமிழ் புக்கு" என்றாள் சஸ்மிதா. "முன்னாடி நிறைய தெரியாது. நிறைய அம்பு. தெருமுனைக் கடை அக்காகிட்டக் கேட்டேன். இப்ப எல்லாம் படிப்பேன்."

"அப்புறம் இது? 'நம்ம' கூடவா தெரியாது?"

"அர்த்தம் தெரியும், அண்ணா. கடை அக்கா சொன்னாங்க." அவள் கையைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. குரல் மட்டும் இறங்கியது. "ஆனா இது எழுதின ஆளைத்தான் கேக்கணும். இந்த 'நம்ம'ல நானும் உண்டா?"