மேடு ஏறாத வண்டி

"ஏங்க, வண்டி மேடு ஏற மாட்டேங்குது."

மனைவி போன் செய்தபோது மெக்கானிக் வேறொரு காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். வாடிக்கையாளர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'ஸ்டெதஸ்கோப்'. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவார். பத்துக்கு ஒன்பது தப்பாது.

"எங்க இருக்கே?"

"மலை அடிவாரத்துல. முதல் வளைவு கூடத் தாண்டல. அக்கா வீட்டுக்குப் போறேன்னு காலையில சொன்னேனே."

சொன்ன மாதிரிதான் இருந்தது.

"சமதரையில ஒழுங்கா ஓடிச்சா?"

"ஓடிச்சு. மேடு வந்ததும் ஆக்சிலேட்டரை எவ்வளவு அமுக்கினாலும் அடம்பிடிக்குது."

"புகை வருதா?"

"கறுப்பா வருது."

"நீலமா இல்லையே? நல்லாப் பாத்தியா?"

"கறுப்புதாங்க. பின்னால வந்த பஸ்காரர் இப்பதான் திட்டிட்டுப் போறார்."

அவர் காருக்கு அடியிலிருந்து நகர்ந்து வந்து எழுந்து உட்கார்ந்தார். நீலப் புகை என்றால், எஞ்சினுக்குக் காற்றை ஊதித் தரும் டர்போவுக்குள் எண்ணெய் கசிகிறது. அது பெரிய வைத்தியம். கறுப்பு என்றால் டீசல் போகிறது, காற்றுதான் போதவில்லை.

"பயப்படாதே. டர்போவுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. அது ஊதுற காத்து எஞ்சினுக்குப் போய்ச் சேராம, நடுவுல எங்கேயோ கசிஞ்சு போகுது. அவ்வளவுதான்."

"நீங்க ஷெட்லயா இருக்கீங்க?"

"ஆமா. அங்க வர இருபது நிமிஷம் ஆகும். ஆனா இதுக்கெல்லாம் நான் எதுக்கு? போன்லயே முடிச்சிடலாம். நீ பானட்டைத் திற."

"போன்லயேவா?" என்றாள். பிறகு பானட் திறக்கும் சத்தம் கேட்டது.

"திறந்துட்டேன்."

"போனை முன் கண்ணாடிக்குக் கீழ வெச்சிடு. நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துட்டு, ஆக்சிலேட்டரை ஒரு அமுக்கு அமுக்கு."

பக்கத்தில் தகரம் தட்டிக்கொண்டிருந்தவரைக் கையைக் காட்டி நிறுத்தினார். கண்ணை மூடி, இன்னொரு காதை விரலால் அடைத்துக்கொண்டார். எஞ்சின் உறுமியது. அந்த உறுமலுக்கு அடியில், சைக்கிள் டியூபில் முள் குத்திய மாதிரி, மெல்லிய 'உஸ்ஸ்'.

"போதும், போதும்! எஞ்சினை நிறுத்து. முன்பக்கம் ரேடியேட்டரை ஒட்டி, கை மொத்தத்துல ஒரு கறுப்பு ரப்பர் குழாய் தெரியுதா? கொஞ்சம் ஆறவிட்டுத் தொட்டுப் பாரு."

"தெரியுது. முனையில எண்ணெய்ப் பிசுக்கு."

"அதேதான்! அங்க ஒரு க்ளிப் இருக்குமே, இறுக்கமா இருக்கா?"

"விரல்லயே சுத்துது. குழாய் பாதி வெளிய வந்து நிக்குது."

தொடையைத் தட்டிக்கொண்டார். "ரெண்டு வாரமாவது கசிஞ்சிருக்கும். உஸ்ஸுனு சத்தம் வந்திருக்குமே, நீ கவனிக்கலையா?"

"கவனிச்சேன். உங்ககிட்ட சொன்னேன்."

"எப்போ?"

"மூணு தடவை."

"வேலை மும்முரத்துல காதுல விழுந்திருக்காது. சரி, விடு. டிக்கியில டூல்ஸ் பை கிடக்கும். ஸ்க்ரூடிரைவரை எடு."

"டிக்கி நிறைய சாமான் இருக்கு. எல்லாத்தையும் இறக்கினாத்தான் அது கைக்கு வரும்."

"ரெண்டு நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போக டிக்கி நிறைய சாமானா? நல்லா இருக்கு போ!" என்று சிரித்தார். அவள் சிரித்ததாகத் தெரியவில்லை.

சாமான்கள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஷெட்டுக்குள் வாடிக்கையாளர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "இருங்க சார், ஆபரேஷன் நடக்குது" என்று அவரை உட்கார வைத்தார்.

"எடுத்துட்டேங்க."

"முதல்ல பிசுக்கைத் துணியால சுத்தமாத் துடை. இல்லன்னா மறுபடியும் வழுக்கிட்டு வந்துடும். துடைச்சாச்சா? இப்பக் குழாயைக் கடைசி வரைக்கும் தள்ளு. அது மேல க்ளிப்பை உக்கார வெச்சு, ஸ்க்ரூவை முடுக்கு."

"முடுக்கிட்டேன்."

"இன்னும் அரைச் சுத்து."

மூச்சை இழுத்துப் பிடித்து அவள் முடுக்குவது கேட்டது. மறுபடியும் எஞ்சின் உறுமியது. அவர் கண்ணை மூடிக் கேட்டார். உஸ்ஸ் இல்லை.

"டெஸ்ட் பாஸ்! எதுக்கும் ஒரு வளைவு ஏறிப் பாத்துட்டுப் பேசு."

சாமான்களைத் திரும்ப ஏற்றி, அவள் மறுபடி கூப்பிடப் பத்து நிமிடம் ஆயிற்று. அதற்குள் அவர் வாடிக்கையாளரிடம் முழுக் கதையையும் கண், காது, மூக்கு வைத்துச் சொல்லி முடித்திருந்தார். கல்யாணமான இந்தப் பதினோரு வருஷத்தில் மனைவியோடு இவ்வளவு நேரம் போனில் பேசியது இதுதான் முதல் தடவை என்பது அவருக்கே வேடிக்கையாக இருந்தது.

"ரெண்டாவது வளைவுல ஓரங்கட்டியிருக்கேங்க. சிட்டாப் பறக்குது."

"பின்னே? யார் பாத்த வைத்தியம்! ஞாயித்துக்கிழமை நீ வந்ததும் புது க்ளிப்பாப் போட்டுத் தரேன்."

"வேண்டாங்க. அங்கயே ஒரு மெக்கானிக்கைப் பாத்துக்கறேன்."

"அங்கயா? எதுக்கு?"

"டிக்கியில இருக்கறது என்னோட மொத்தத் துணிமணியும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. "வண்டி நின்னதும் எனக்கே மனசு தடுமாறிடுச்சு. 'அங்கயே இரு, நான் வரேன்'னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உங்ககூடவே வீட்டுக்குத் திரும்பி வந்திருப்பேன்."