பாறைக்குக் கீழே

பனிமூட்டம் விலகி வெளிச்சம் ஜன்னலில் விழுகிறது. பல்கலைக்கழக ஆய்வுக் கட்டுரைக்காகத் தனுஷிகா பழைய தேயிலைத் தோட்ட வரைபடத்தையும் புதிய நில அளவைப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடியில் அழுத்திப் பிடிக்கிறாள். ஆறு ஆற்றின்மேல் படிகிறது, பாறை பாறையின்மேல். பழையதில் பாறைக்குக் கீழே இருக்கும் லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மட்டும் புதியதில் வெறும் தேயிலையாகிறது. மண்சரிவில் ஒரு லயமே புதைந்ததென்று மேசையிலுள்ள பழைய பத்திரிகைப் பிரதி சொல்கிறது. எந்த இடமென்று சொல்லவில்லை. எதிர்மலையில் அதே பாறையருகே கொழுந்து பறிக்கும் பெண்களின் சிரிப்பு சட்டென்று நிற்கிறது. "என்னம்மா ஆச்சு?" என்று தனுஷிகா கேட்கிறாள். "ஒண்ணுமில்ல. அந்தப் பாறையத் தாண்டி எறங்குனா யாரும் பேச மாட்டோம்," என்கிறாள் அம்மா காளியாயி, அடுப்பை ஊதியபடி. "ஏன்னு தெரியாது. எங்கம்மா காலத்துலேர்ந்தே அப்படித்தான்." தனுஷிகா தாள்களை மெல்ல இறக்குகிறாள். வெயில் பட்ட அந்தச் சரிவில் கைகள் மட்டும் அசைகின்றன. பென்சிலை எடுத்துப் புதிய படத்தில் பாறைக்குக் கீழே அந்த லயத்தை வரைகிறாள்.