ஓட்டை விழாத இலைகள்

"டாக்டர்! கொஞ்சம் வெளியே வாங்க. உள்ளதான் இருக்கீங்கன்னு தெரியும், செருப்பு வாசல்ல கிடக்கு!"

மதில்மேல் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றாள் டீச்சர். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்தார். அவளைப் பார்த்ததும் ஞாயிற்றுக்கிழமை நிம்மதி அவர் முகத்திலிருந்து வடிந்துவிட்டது.

"என்ன டீச்சர், காலங்காத்தால?"

"மறுபடியும் ரோஜாவுக்கு மருந்து அடிச்சீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"ஏனா? என் எலுமிச்சைச் செடியில நேத்து சாயந்திரம் வரைக்கும் ஒரு புழு இருந்தது. பச்சையா, விரல் தண்டி. இன்னும் ரெண்டு நாள்ல கூடு கட்டியிருக்கும். இன்னிக்கு இல்ல. போன இடம் தெரியல. உங்க மருந்து காத்துல வந்துதான் செத்திருக்கு!"

டாக்டர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். எலுமிச்சை இலைகள் எண்ணெய் தடவியதுபோல மின்னின. "செடி ஜம்முனு இருக்கே டீச்சர். ஒரு இலையில ஓட்டை கிடையாது. சந்தோஷப்பட வேண்டாமா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓட்டை விழவேண்டும் என்றுதானே அந்தச் செடியை வைத்தாள்!

மூன்று வருஷத்துக்கு முன் அங்கே வெறும் சிமெண்ட் தரை. ஆள் வைத்து அதை உடைத்து, மண் போட்டு, சருகைப் பெருக்கித் தள்ளாமல் அப்படியே மக்கவிட்டு, பறவைகளுக்குச் சட்டியில் தண்ணீர் வைத்து உண்டாக்கிய தோட்டம். பூக்கள் வந்தன. தேனீ வந்தது, தட்டான் வந்தது, தவளைகூட வந்துவிட்டது. இந்த மழைக்கு வண்ணத்துப்பூச்சிகளும் வந்து, எலுமிச்சைத் துளிரில் கடுகைவிடச் சிறிய முட்டைகளை இட்டுவிட்டுப் போயின. முட்டை பொரிந்து, பறவை எச்சம்போலக் குட்டிப் புழுக்கள் தலைகாட்டும். அவ்வளவுதான், மறுநாள் இருக்காது. நேற்றுப் பார்த்த ஒன்றுதான் எப்படியோ தப்பி வளர்ந்திருந்தது. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபிறகு, டீச்சர் நாளைக்கு என்ன ஆகும் என்று ஆசையோடு நினைத்தபடி முதன்முதலாகத் தூங்கப் போனது நேற்று இரவுதான்.

"பொய் சொல்லாதீங்க டாக்டர். பல்லைப் பிடுங்கறதோட நிறுத்திக்கக் கூடாதா? பூச்சியோட உயிரையும் எதுக்குப் பிடுங்கறீங்க?"

"நானாவது மரத்துப்போக ஊசி போட்டுட்டுப் பிடுங்குவேன் டீச்சர். நீங்க அதுவும் போடாம பிடுங்கறீங்க." அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "போன தடவை நீங்க போட்ட சத்தத்துக்கு அப்புறம் மருந்து டப்பாவை நான் தொடவே இல்ல. இங்க வந்து பாருங்க. என் ரோஜா சல்லடையா நிக்குது. என் வீட்டுக்காரி ஒரு வாரமா என்கூடப் பேசல."

"அதுக்கு வேற காரணம் இருக்கும்."

சொல்லிவிட்டாளே தவிர, கண் ரோஜாப் பக்கம் போயிற்று. உண்மைதான். இலைகள் கந்தலாகத் தொங்கின. ஓரமாக ஒரு புழு யாருக்கும் பயப்படாமல் மென்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கோபம் அதிகமாயிற்று. இவர் இல்லையென்றால் இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

"பறவை தின்னிருக்கும் டீச்சர்."

"பறவை தின்னா ஒண்ணு ரெண்டு மிச்சம் வைக்கும். இப்படித் துடைச்சு எடுக்காது. மிச்சமே வைக்காம அழிக்கறது மனுஷன் ஒருத்தன்தான்!"

சத்தம் கேட்டு அவள் கணவர் கைபேசியும் கையுமாக வெளியே வந்தார். "என்ன டாக்டர் பிரச்சினை? மறுபடியும் செடியா? இந்தச் செடிங்களுக்காக நாங்க தினமும் எவ்வளவு பாடுபடறோம் தெரியுமா உங்களுக்கு?"

"நல்ல குடும்பம்!" என்று பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு டாக்டர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

டீச்சர் மெல்லத் திரும்பினாள். நாங்களாம்! சாப்பாட்டு மேசையில் முட்டையையும் புழுவையும் பற்றி அவள் கதை கதையாகச் சொல்லும்போதெல்லாம், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் 'ம்' என்பார். மழை தொடங்கிய வாரம் அவள் வெடித்தே விட்டாள். 'ஒரு நாளாவது இந்தச் செடியைத் திரும்பிப் பார்த்திருப்பீங்களா? ஒத்தை ஆளா நின்னு சாகறேன்!' அதற்கும் அதே 'ம்'.

"நாங்களா? யாரு அந்த நாங்க?" டாக்டருக்காக வைத்திருந்த மிச்சக் கோபம் முழுவதும் இப்போது இந்தப் பக்கம் பாய்ந்தது. "எலுமிச்சைச் செடியில முள் இருக்குன்னாவது தெரியுமா உங்களுக்கு?"

அவர் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் அவள் முன்னால் விரித்தார். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை கோடுகோடாக முள் கீறல்கள். சில ஆறியவை, சில புதிது.

"தெரியாமலா? அன்னிக்கு நீ கத்தினதிலேருந்து, தினம் நீ எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு இலையாப் புரட்டிப் புழு பொறுக்கறேன். உன் செடியில ஒரு ஓட்டை விழ விடல. இன்னிக்கு ஒண்ணு மாட்டுச்சு பாரு, விரல் தண்டி!"

பரீட்சைத் தாளை நீட்டிவிட்டு மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கும் பையனைப்போல நின்றார்.

டீச்சர் திட்ட வாயைத் திறந்தாள். இத்தனை வருஷத்தில், அவள் சொன்னதை அவர் காதில் வாங்கிக்கொண்டது இதுதான் முதல் தடவை.